அப்பா உயிரோடு ரிட்டயர் ஆன வருஷம்

கேம்ப் ரோடு சிக்னலில் நின்றுகொண்டு, "இங்கெல்லாம் அப்போ வெறும் பொட்டல்" என்று பேரப்பிள்ளைகளிடம் அளந்துவிடுகிற என் வயசுக்காரர்களே, பொட்டலைப் பற்றிச் சொல்கிறீர்கள், சரி. அந்தப் பொட்டலில் நாம் எதைத் தின்று வளர்ந்தோம் என்று ஏன் ஒருத்தரும் சொல்வதில்லை? வெட்கமா, மறதியா? எனக்கு மறக்கவில்லை. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தால், ஆடியில் தொடங்கித் தையில் முடிந்த அந்தக் காலம்தான் வந்து எதிரே நிற்கிறது. யாரிடமாவது சொல்லித் தொலைத்தால் போய்விடுமா என்று பார்க்கிறேன்.

நாம் தாம்பரம் விமானப்படைக் கேம்ப்பைத் தின்று வளர்ந்தவர்கள். சேலையூர் பக்கம் நம் தெருவில், அந்த மதில் சுவருக்குள் போய் வராத ஆம்பளை கிடையாது. சமையல், தோட்டம், சலவை, பெயிண்டு, தச்சு. பட்டாளத்து உடுப்புக் கிடையாது, ஆனால் பட்டாளத்துச் சோறு. உள்ளே சங்கு ஊதினால் வெளியே நம் வீடுகளில் உலை வைப்பார்கள். பெண் கொடுக்க வருகிறவன் பையன் கறுப்பா சிவப்பா என்று கேட்க மாட்டான், "பையன் கேம்ப்பா?" என்பான். ஆமாம் என்றால் தட்டை மாற்றிவிடலாம்.

எங்கள் அப்பாவுக்கு லஷ்கர் வேலை. எடுபிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவருக்கென்று ஒரு தனி வேலை இருந்தது. விமானம் ஓடுகிற பாதையில் பறவை விரட்ட வேண்டும். நம் பக்கம் ஏரிக்கும் சதுப்புக்கும் பஞ்சமா? கொக்கும் ஆட்காட்டியும் பருந்தும் விடிந்தும் விடியாமலும் வந்து ஓடுபாதையில் உட்கார்ந்துவிடும். அப்பா காக்கி டவுசரைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் விசில் தொங்க, தடித்த துப்பாக்கி மாதிரி ஒன்றில் வெடியைப் போட்டு ஆகாயத்தைப் பார்த்துச் சுடுவார். டொப் என்று கேட்கும். எங்கள் வீட்டுச் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். வெடித்துத் தீர்ந்த அட்டைக் குழல்களை எனக்குக் கொண்டுவந்து தருவார். பென்சில் போட்டு வைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் என் பையிலிருந்து தீபாவளி வாசனை வருகிறது என்று டீச்சர் மூக்கைச் சுளிப்பார். அப்பாவின் உள்ளங்கையிலும் அதே வாசனைதான்.

விடிகாலையில் அம்மா ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருப்பாள். முதல் டொப் கேட்டதும், "ஆச்சு, உங்கப்பா வேலைய ஆரம்பிச்சிட்டாரு" என்பாள். பிறகுதான் பாலைக் காய்ச்சுவாள். எங்கள் வீட்டில் அதுதான் சுப்ரபாதம்.

அந்த வருஷம் கோடையில் எதிர்வீட்டு மாமா செத்துப்போனார். கேம்ப்பில் தச்சர். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார். நல்ல மனுஷன். தெருவே அழுதது. ஆனால் அழுகை ஓய்ந்த பிறகு பெண்கள் எதிர்வீட்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "சர்வீஸ்ல இருக்கும்போதே பூட்டாரு. பையனுக்கு ஒரு வழி பண்ணிட்டுத்தான் பூட்டாரு." வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நம் தெருவில் துக்கம் விசாரிக்கிற முறையே அது. உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

வாரிசு வேலை. வேலையில் இருக்கும்போது அப்பன் செத்தால் பிள்ளைக்கு வேலை. எதிர்வீட்டுப் பையனுக்கு எப்படியோ சட்டென்று கிடைத்தும் விட்டது. ஆடி மாசம் அவன் அப்பாவின் சைக்கிளிலேயே, அப்பாவின் சாப்பாட்டு அடுக்கை மாட்டிக்கொண்டு கேம்ப்புக்குப் போனான். அதைப் பார்க்கத் தெருவே வாசலில் நின்றது. அதே சமயத்தில்தான் வெளியிலிருந்து புதிசாக ஆள் எடுப்பதைக் கேம்ப்பில் அடியோடு நிறுத்திவிட்டார்கள் என்ற பேச்சும் வந்தது. ஆக, உள்ளே போக இருந்த ஒரே வழி அப்பனின் பாடை. கேம்ப் யாரையும் சாகச் சொல்லவில்லை. அந்தக் கணக்கை நாமாகத்தான் போட்டோம்.

எங்கள் அண்ணனுக்கு அப்போது இருபது வயசு. அக்காவுக்கு நேர் இளையவன், எனக்கு ரொம்ப மூத்தவன். நன்றாகத்தான் படித்தான். ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்தபோது அப்பாதான் வேண்டாம் என்றார். "நம்ம கேம்ப்பு இருக்கும்போது இதெல்லாம் எதுக்குடா?" என்றார். அப்போது ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் சொன்னார். பிறகு எடுக்கவில்லை. அண்ணன் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, காலையில் ஓடி, கேம்ப்புக்குத் தகுதியாகத் தன்னை வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். அப்பாவுக்கு ரிட்டயர் ஆக அதிக நாள் இல்லை. தையோடு முடிகிறது.

அக்கா மட்டும் வேறு ஜாதி. சானடோரியம் பக்கம் அப்போதுதான் பெரிய காம்பவுண்டுக்குள் ஏற்றுமதிக் கம்பெனிகள் வந்திருந்தன. ஒரு நாள் நம் தெருவுக்கும் வேன் வந்தது. ஒரு ஆள் இறங்கி, பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் வரலாம், தையல் மெஷினில் பழக்கிக் கொடுப்போம் என்று சொன்னான். நம் ஆம்பளைகள் பண்ணிய அமர்க்களம் ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைக்காரனுக்கு ஜட்டி தைக்க எங்கள் வீட்டுப் பிள்ளைகளா என்று வேனின் கண்ணாடியைத் தட்டித் துரத்தினார்கள். இன்றைக்கு மூடிவிட்டு ஓடுகிற கம்பெனியை நம்பி, என்றைக்கும் இருக்கிற கேம்ப்பை விடுவதா என்று கேட்டார்கள். அது தப்பான கேள்வி என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தக் கேம்ப் என்றைக்கும் இருக்கும், நம்மை வைத்திருக்குமா என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அக்கா மறுவாரமே வேன் நிற்கிற இடத்துக்கு நடந்து போய் ஏறிவிட்டாள். அம்மா ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஆவணியில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றக்கூட முடியாமல் கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பார். உதடு நாவற்பழம் தின்றது போல இருக்கும். தாம்பரம் மார்க்கெட் பக்கத்து டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, உடனே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று சொன்னார். அப்பா திரும்பி வந்து, வாயு என்று சொன்னார். அம்மா ஓம வாட்டர் வாங்கிவரச் சொன்னாள். அது வாயு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். டாக்டர் சொல்லும்போது நானும் கூடத்தானே இருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு விதமான மரியாதை வந்தது. எப்படிச் சொல்வேன்! அப்பாவுக்குத் தட்டில் மீன் துண்டு பெரிதாக விழுந்தது. அண்ணன் அவர் எதிரில் கால் நீட்டி உட்காருவதை விட்டான். எதிர்வீட்டு அத்தை வந்தால், "இன்னிக்கு எப்பிடி கீறாரு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பாள். அப்பாவும் ஒருநாள்கூட லீவு போடவில்லை. மழையிலும் போனார், மூச்சு இழுக்கும்போதும் போனார். லீவில் போனால் சர்வீஸில் போனதாகக் கணக்கில் வருமோ வராதோ என்று பயம். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் காய்ச்சலோடு சைக்கிளை எடுக்கிற மனுஷனைப் பார்த்தால் தெரியாதா?

புரட்டாசியில் ஒருநாள் விடியற்காலை நல்ல மழை. ஸ்டவ் எரிகிறது, பால் பாத்திரம் பக்கத்தில் இருக்கிறது, டொப் சத்தம் வரவில்லை. அம்மா பாத்திரத்தை எடுக்கவில்லை. நான் பாயில் கண்ணை மூடாமல் படுத்திருந்தேன். வெளிச்சம் வந்துவிட்டது, இன்னும் சத்தம் இல்லை. அம்மா எழுந்து வந்தாள். தூங்கிக்கொண்டிருந்த அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். போர்வையை அவன் தோள்வரை இழுத்துவிட்டாள். அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். அவள் முகத்தில் பதற்றம் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பெரிய கிரியை ஒன்று முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட பிறகு பெண்கள் உட்காருவார்களே, அப்படி உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் கேட்டது. டொப். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அம்மா திடுக்கிட்டு எழுந்தாள். சாமி முன்னால் நிற்பது போல ரெண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். பலமாக. நான் எழுந்து, என்னம்மா என்று கேட்டேன். கொசு என்றாள். பிறகு பாலை வைத்தாள். நம் பக்கம் சாவு ஊர்வலத்தில் வெடி போட்டுக்கொண்டு போகிறார்களே, அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு நின்றுவிடுவேன். என் மருமகள் அது பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வெடித்தாள். மழையில் நனைந்து வந்த அப்பா பின்கட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பையனுக்கு உள்ளே என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று அண்ணன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள்.

"ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்றீங்க. ஆனா எல்லாரும் அவரு சாவறதுக்குத்தான் காத்துகினு கீறீங்க. அவரும் அதுக்குத்தான் தெனம் சைக்கிள்ல போய்கினு கீறாரு."

அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். கம்பெனிக்குப் போகிற திமிரில் பேசுகிறாள் என்று அண்ணன் கத்தினான், கத்தும்போதே அழுதான். பின்கட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றிருந்தது. அப்பா துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார், மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், ரசம் ஊற்றச் சொன்னார். அவ்வளவுதான்.

அக்கா விடுகிற ஆள் இல்லை. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் அப்பா அம்மாவுக்கெல்லாம் விருந்து, ஸ்வீட் கொடுத்து மரியாதை பண்ணுகிறார்கள், நீங்கள் வரவில்லை என்றால் எனக்குத்தான் கேவலம் என்று ஒரு புளுகைக் கட்டிவிட்டாள். அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. மகள் வேலை செய்கிற இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல. முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி வைத்துக்கொண்டு கிளம்பினார். அம்மா வீட்டில் பூஜை இருக்கிறது என்று நின்றுவிட்டாள். நான் ஒட்டிக்கொண்டேன். தாம்பரத்தில் ரயில் ஏறினோம். சானடோரியம் வந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. ரயில் கிளம்பிவிட்டது. அப்பா ஜன்னல் வழியாகப் பின்னால் போகிற ஸ்டேஷனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பார்க் ஸ்டேஷன் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. அப்பாவைப் படுக்க வைத்துப் பார்த்தவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? வீட்ல யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டாள்.

"கவனிச்சாங்கம்மா," என்றார் அப்பா. "எல்லாரும் கவனிச்சிகினுதான் இருந்தாங்க."

அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். பிறகு மார்பில் ஆபரேஷன். அக்கா கம்பெனியில் அழுது லீவு வாங்கி வராந்தாவிலேயே கிடந்தாள். அம்மா வந்தாள், கஞ்சி கொண்டுவந்தாள், அவர் காலைப் பிடித்துவிட்டாள். அண்ணன் ஒரு தடவை வந்தான். அப்பா பிழைத்துக்கொண்டார். கார்த்திகை கடைசியில் நெஞ்சில் தையலோடு மறுபடியும் கேம்ப்புக்குப் போனார். உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கொடுத்தார்கள். அவரை நல்லபடியாகத்தான் வைத்திருந்தார்கள். வெடிச் சத்தம் வேறு யாரோ போட்டது. அம்மா அதற்காகக் காத்திருப்பதை நிறுத்திவிட்டாள்.

தை கடைசியில் அவரைக் கொண்டுவந்து விட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஒரு வண்டியில் மாலையும் கழுத்துமாக, ஒரு சுவர்க் கடிகாரத்தோடு. அந்தக் கடிகாரம் பிற்பாடு அண்ணனின் முடிச்சூர் வீட்டில் வெள்ளம் புகுந்தபோது போனது. வண்டி நின்றதும் தெருவே வந்தது. வழக்கமாக ரிட்டயர் ஆகி வருகிறவருக்குப் பிள்ளைகள் சரம் கொளுத்துவார்கள், ஆம்பளைகள் தோளைத் தட்டுவார்கள். அன்றைக்கு எல்லாரும் அடக்கமாக நின்றார்கள். அம்மா ஆரத்தித் தட்டோடு வந்தாள். எதிர்வீட்டு அத்தை அம்மாவின் காதருகில் வந்து, "பரவால்ல விடு, வேற ஏதாவது வழி கிடைக்கும்" என்றாள். துக்க வீட்டில் பேசுகிற அதே குரல். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அம்மா தலையை ஆட்டினாள்.

அப்பாவும் கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். உயிரோடு, மாலையோடு வாசலில் நிற்கிற மனுஷன், யாருடைய கண்ணையும் பார்க்காமல் மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். அண்ணனைத் தேடினார். அண்ணன் சமையல்கட்டில், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பா வாசற்காலைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிக்கடா," என்றார். அண்ணன் திரும்பவில்லை.

தான் சாகாததற்கு மகனிடம் மன்னிப்புக் கேட்ட அப்பனை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அடப்பாவிகளா, என்ன தெரு நம்முடையது!

கேளுங்கள் இதையும். அடுத்த வருஷமே கடைசி வீட்டுக்காரர் சர்வீஸில் செத்தார். அவர் பையன் இன்றைக்கு, நாளைக்கு என்று காத்திருந்தான். அவனைப் போல எத்தனையோ பேர் வரிசையில். தலை நரைத்ததுதான் மிச்சம். இப்போது சிட்லபாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேனாக இருக்கிறான், போகும்போது பார்த்தால் சலாம் வைப்பான். அப்பா செத்திருந்தாலும் அண்ணனுக்குக் கிடைத்திருக்காது. அதை யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பழசைக் கிளறுவதாக ஆகும் என்று ஆளாளுக்கு விட்டுவிட்டோம்.

அண்ணனை அக்காதான் கரையேற்றினாள். சித்திரையில் அவள் கம்பெனியிலேயே பேக்கிங் வேலை. முதல் நாள் பெண்கள் வேனில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு போனான். பின்னால் சூப்பர்வைசர் ஆனான், வேறு கம்பெனிக்குப் போனான், முடிச்சூரில் மனை வாங்கி வீடு கட்டினான். நம் தெருவும் ஒவ்வொரு வீடாக அந்த வேனில் ஏறியது. துரத்தியவர்களின் பிள்ளைகள்கூட. இன்றைக்கு அங்கே கேம்ப்பை நம்பி ஒரு அடுப்புக்கூட எரியவில்லை. நல்லதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அப்பாவுக்கு அது நல்லது என்று தெரிந்ததா என்றால், எனக்குத் தெரியவில்லை. அண்ணன் வீடு கட்டியபோதுகூட, "நான் ஒழுங்கா சர்வீஸ்லயே பூட்டிருந்தா இதுக்கு முன்னயே கட்டியிருப்பான்" என்று சொன்னவர் அவர். இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். ரெண்டாவது முறை சோறு போட வந்தால் போதும் என்று கையால் தட்டை மறைப்பார். நல்ல சட்டை வாங்கிக் கொடுத்தால் பெட்டியில் வைத்துவிடுவார். விருந்தாளி போல, அதுவும் அழைக்காமல் வந்த விருந்தாளி போல இருந்தார். அம்மா அவருக்கு முன்னாலேயே போய்விட்டாள். அந்த மழைக் காலையைப் பற்றி அவளிடம் கேட்கிற துணிச்சல் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

கடைசி நாட்களில் அப்பா அண்ணன் வீட்டில்தான் கிடந்தார். ஞாபகம் தடுமாறிவிட்டது. செத்துப்போனவர்களைக் கூப்பிடுவார், ஜன்னலில் காக்கா வந்தால் விரட்டக் கையைத் தூக்குவார். ஒருநாள் மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் இருந்தோம். அக்கா மாத்திரையைப் பொடி பண்ணித் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அண்ணனின் கையைத் தேடிப் பிடித்தார்.

"நான் இன்னும் ரிட்டயர் ஆவல இல்ல?" என்று கேட்டார்.

அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது, காலேஜ் போகிற மகன் இருக்கிறான். அவன் அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"இல்லப்பா. சர்வீஸ்லதான் கீறீங்க."

அப்பாவின் முகம் தெளிந்ததை என்னவென்று சொல்வேன்! இத்தனை வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்க்காத சிரிப்பு. அக்கா மாத்திரைக் கிண்ணத்தோடு எழுந்து வந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அண்ணனின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் காதில் விழாதபடி சொல்வதாக நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"உங்கக்காவ ஒண்ணும் திட்டாதடா. சின்னப் பொண்ணு. தெரியாம என்னக் காப்பாத்திடுச்சி."